தேர் எத்தனை மணிக்கு?

"தம்பி, தேர் எத்தனை மணிக்கெண்டு பாக்கப் போனால் போனிலை ஒரு வட்டம் சுத்திக்கொண்டே கிடக்குது. போட்ட டேட்டாவும் முடிஞ்சு போச்சு."

வேலணையிலிருந்து சின்னம்மா எடுத்துச் சொன்ன முறைப்பாடு. ஊர்க் கோயிலின் இணையத்தளத்தைச் செய்தவன் நான் என்று அவவுக்குத் தெரியும். 2014இல் செய்தேன். முகப்பில் ஐந்து பெரிய படங்கள் மாறி மாறி ஓடும்: கோபுரம், தேர், தீர்த்தம், அன்னதானம், கடைசியாக, தளம் செய்யக் காசு அனுப்பிய சங்கத்தின் தலைவர். தேர் நேரம் இவை எல்லாவற்றுக்கும் கீழே. தலைவர் ரொறன்ரோவில் தன் மேசைக் கணினியில் திறந்து பார்த்துவிட்டு "சுப்பர்" என்றார். எனக்குக் காசு வந்தது. சின்னம்மாவின் போனில் திறந்து பார்க்க எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

கொக்குவிலில் வீட்டு விறாந்தையில் இருந்து இந்தத் தொழிலைச் செய்கிறேன். தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்க வேண்டும். இணையப் பக்கத்தில் எழுதியிருப்பது ஒன்று. அது எந்த அளவில், எந்த நிறத்தில், எங்கே தெரிய வேண்டும் என்று சொல்லும் கட்டளைகள் இன்னொன்று. இந்தக் கட்டளைகளின் மொழிதான் சீ.எஸ்.எஸ்.; முதற் பதிப்பு 1996இல் வந்தது. ஒவ்வொரு தளத்துக்கும் அதை அடியிலிருந்து எழுதிக்கொண்டிருக்க ஏலாது. ஆகவே நிரல், பொத்தான், படிவம், அட்டவணை என்று அடிக்கடி தேவைப்படுகிறவற்றை முன்கூட்டியே எழுதிக் கட்டாகத் தருகிறார்கள். பிரேம்வேர்க் என்பது அதுதான். அம்மம்மா மாரிக்கு முன்னம் ஓலையை ஊறவைத்துப் பின்னி அடுக்கி வைத்த கிடுகு மாதிரி. வேலிக்கும் அதே கிடுகு, குசினிக் கூரைக்கும் அதே கிடுகு, கிணற்றடி மறைப்புக்கும் அதே கிடுகு.

ஒரே பக்கம் கணினியிலும் போனிலும் திரையின் அகலத்துக்கு ஏற்றபடி தன்னை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று 2010 மே மாதம் ஈதன் மார்க்கொட் ஒரு கட்டுரையில் எழுதினார். அடுத்த ஆண்டே ருவிற்றரில் வேலை செய்த இருவர் பூட்ஸ்ட்ராப்பை வெளியிட்டார்கள். அதில் இல்லாதது இல்லை. கோயில் தளத்துக்கு நான் எடுத்துப் பாவித்ததோ அதில் ஒரு மூலை. மிச்சம் எல்லாம் சும்மா சின்னம்மாவின் போனுக்குப் போய் இறங்கியது. பழியை முழுவதும் அதன்மேல் போடவும் கூடாது; அந்த ஐந்து படங்கள்தான் முதற் குற்றவாளி.

தளத்தைத் திரும்பச் செய்தபோது ஸ்கெலிற்றன் என்ற சின்னக் கட்டை எடுத்தேன். அதுவும் 2011இல் பிறந்ததுதான். டேவ் கமாஷ் எழுதியது. மொத்தம் 400 வரி அளவு. பக்கத்தைப் 12 நிரல்களாகப் பிரிக்கும். திரை 550 பிக்சலுக்குக் குறைந்தால் நிரல்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிவிடும். வேலை முடிந்தது என்று நினைத்தேன். தமிழைப் போட்டதும் முடியவில்லை என்று தெரிந்தது.

அந்த 400 வரியும் ஆங்கிலத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. பொத்தானில் எழுத்து 11 பிக்சல். ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் கப்பிட்டல் எழுத்தாக்கி அந்த அளவில் போட்டால் எடுப்பாக இருக்கும். தமிழில் ஏது கப்பிட்டல்? 11 பிக்சலில் ணகரத்துக்கும் னகரத்துக்கும் வித்தியாசம் பார்க்கச் சின்னம்மாவுக்குப் பூதக்கண்ணாடி வேண்டும். பொத்தானுக்குள் வரி மடியக்கூடாது என்று இன்னொரு கட்டளை. 'டொனேற்' என்ற ஒற்றைச் சொல்லுக்கு அது சரி. "அன்னதானத்துக்கு நன்கொடை வழங்க" என்று எழுதினால் பொத்தான் திரையைத் தாண்டி வெளியே போகிறது. முழுப்பக்கமும் பக்கவாட்டில் ஆடுகிறது. பெரிய தலைப்புகளில் எழுத்துகளை ஒன்றோடொன்று நெருக்கி வைக்கும் கட்டளையும் உண்டு. "மகோற்சவ விஞ்ஞாபனம்" என்ற திருவிழா அறிவித்தலின் தலைப்பு நெரிபட்டுப்போய், வரிக்கு வரி இடைவெளி 1.2 மடங்குதான் என்பதால் மேல்வரியின் காலில் கீழ்வரியின் விசிறி முட்டப் பார்த்தது.

திருத்தம் பத்து வரிதான். எழுத்து 16 பிக்சல், இடைவெளி 1.6, நெருக்கல் இல்லை, பொத்தானில் வரி மடியலாம், மடிக்க இடமில்லாத நெடுஞ்சொல் திரைக்குள்ளேயே உடையலாம். தனி எழுத்துரு எதையும் ஏற்றவில்லை. போனில் உள்ள தமிழே போதும். விஞ்ஞாபனத்தையும் அச்சுத்தாளைப் படம்பிடித்துப் போடாமல் எழுத்தாகவே தட்டினேன். யுனிகோட்டின் UTF-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட். ஐயாயிரம் குறியீடு என்றாலும் 15 கிலோபைட்தான்.

இதை ஏழைத் தளம் என்று முகம் சுளிப்பவர்கள் எங்கள் நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகத்தைப் போய்ப் பார்க்கட்டும். 2005இல் தொடங்கியது. பெரும்பாலும் எழுத்தும் இணைப்பும்தான். இறக்கப்போகும் நூல் எத்தனை மெகாபைட் என்று பக்கத்திலேயே எழுதியிருக்கும். டேட்டாவுக்குக் காசு கொடுக்கிறவனுக்குச் செய்யும் மரியாதை அதுதான். 2022 யூலையில், எரிபொருள் தட்டுப்பாட்டில், பங்கீட்டுக்கான கியூ.ஆர். வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றருக்காக யாழ்ப்பாணக் குடாநாடே போனில் படிவம் நிரப்பியது. பக்கம் வடிவாக இருந்ததா என்று ஒருவரும் கேட்கவில்லை. கியூ.ஆர். வந்ததா என்றுதான் கேட்டார்கள்.

ஆகவே கோயில் தர்மகர்த்தாக்களுக்கும் பழைய மாணவர் சங்கத் தலைவர்மாருக்கும் ஒரு வேண்டுகோள். புதுத் தளம் செய்து தந்தால் அதை உங்கள் பெரிய திரையில் பார்த்துத் தலையாட்டாதேங்கோ. நெடுந்தீவிலோ வேலணையிலோ பழைய போன் வைத்திருக்கும் ஓர் ஆச்சிக்கு அனுப்பி, தேர் எத்தனை மணிக்கு என்று கேளுங்கோ. அவ பார்த்து வாசித்துச் சொன்ன பிறகு காசைக் கொடுங்கோ. எனக்கும் அப்படித்தான்.