கிப்லாச் செயலியும் புவியியல் பாடமும்

தொழுகைக்கு நிற்கும் பிள்ளைகளிடம் கிப்லா எந்தத் திசை என்று கேட்டால், சிறியவர்கள் மேற்கு என்பார்கள். வளர்ந்தவர்கள் கைப்பேசியை எடுத்துச் செயலியின் அம்பைக் காட்டுவார்கள். அந்த அம்பு ஏன் அப்பக்கம் திரும்புகிறது என்று வினவினால் விடை வருவதில்லை. கருவி கைக்கு வந்துவிட்டது. அறிவு வந்து சேரவில்லை. பள்ளிகளில் மின்னணு நிலவரைபடங்களைக் கொண்டு புவியியல் கற்பிக்கப்படும் இக்காலத்தில் நம் கவலை இதுவே.

புவியியல் வெறும் உலகக் கல்வி என்ற எண்ணம் நம்மிடையே இருக்கிறது. எங்கிருந்தாலும் மஸ்ஜிதுல் ஹராமின் பக்கம் முகம் திருப்புமாறு சூரத்துல் பகராவில் அல்லாஹ் கட்டளையிட்டுள்ளான். அக்கட்டளை நம் முன்னோரைப் பூமியை அளக்கத் தூண்டியது. 1025இல் நிறைவுற்ற தம் நூலில் அல்பீரூனி, கஸ்னா நகரின் கிப்லாவைக் கணித வழியில் கண்டறிந்தார். 1154இல் சிசிலியில் அல்இத்ரீசி முடித்த உலகப் படத்தில் தெற்கு மேலே இருந்தது. வடக்கு மேலே இருப்பது வழக்கமேயன்றி இயற்கை விதியன்று என்பதை அந்த ஒரு படமே மாணவருக்கு உணர்த்தும்.

ஆரப்பாளையத்துப் பிள்ளைக்கு இப்பாடத்தை இப்படி நடத்தலாம். மதுரை ஏறத்தாழ வட அட்சம் 10 பாகையில் உள்ளது. மக்கா 21 பாகைக்கு மேல். ஆகவே கிப்லா நேர் மேற்கன்று என்பது முதலில் விளங்கும். அடுத்து, கைப்பேசியின் தட்டையான நிலவரைபடத்தில் இரு நகரங்களையும் நேர்கோட்டால் இணைத்தால், மேற்கிலிருந்து வடக்கே சுமார் 17 பாகை வரும். உலக உருண்டையில் நூலை இழுத்துப் பிடித்தால், மதுரையில் அந்நூல் சுமார் 22 பாகை வடக்கே சாய்ந்து புறப்படும். செயலியின் அம்பு காட்டுவது இந்த இரண்டாவது திசையையே.

ஐந்து பாகை வேறுபாடு ஏன்? உருண்டையைத் தட்டையாக விரித்தால் ஏதேனும் ஒன்று பிழையாகும். இணைய நிலவரைபடங்கள் பலவும் மெர்கேட்டர் 1569இல் மாலுமிகளுக்காக வகுத்த முறையைத் தழுவியவை. அதில் கிரீன்லாந்து இந்தியாவைவிடப் பன்மடங்கு பெரிதாகத் தெரியும். உண்மையில் இந்தியாவே அதைப்போல் ஒன்றரை மடங்கு பெரியது. படத்தை நம்புவதோடு படத்தைச் சோதிக்கவும் மாணவர் கற்க வேண்டும்.

இவ்வறிவு இல்லாத இடத்தில் செயலி சச்சரவை வளர்க்கும். கைப்பேசியை நீட்டிப் பழைய பள்ளிவாசலின் ஸஃப்பு கோணல் என்று வாதிடும் இளைஞர், அருகிலுள்ள இரும்பு பீரோவே காந்த முள்ளைத் திருப்பிவிடும் என்பதை அறியார். தொலைவில் இருப்போர் சிறிது விலகுவதால் தொழுகை கெடாது என்ற ஹனஃபி அறிஞர்களின் விளக்கத்தையும் அறியார்.

கைப்பேசி பிள்ளைகளைக் கெடுக்கும் என்று பெற்றோர் அஞ்சுவதில் நியாயம் உண்டு. ஆனால் இப்பாடத்துக்கு ஆசிரியரின் ஒரு கைப்பேசி போதும். இஸ்ரோ 2009இல் தொடங்கிய 'புவன்' தளத்தில் ஆரப்பாளையத்திலிருந்து வைகையை அணை வரை, அங்கிருந்து வருசநாட்டு மலை வரை தொடர்ந்து காட்டலாம். கண்டதைப் பிள்ளைகள் தாளில் கையால் வரையட்டும். பள்ளியிலும் மக்தபிலும் ஓர் உலக உருண்டையும் ஓர் அட்லஸும் இருக்கட்டும்; ஜமாஅத்துகளுக்கு இது பெருஞ்செலவன்று.

பயனுள்ள கல்வியை நம் பிள்ளைகளுக்கு வல்ல அல்லாஹ் வழங்குவானாக. ஆமீன்.