வெட்டச் சொன்னவர்களும் தூண்டச் சொல்பவர்களும்

கைப்பேசியைத் திறந்தால் வேகஸ் நரம்பு. தொண்டையைக் கொப்பளியுங்கள், முகத்தை ஐஸ் தண்ணீரில் முக்குங்கள், காது மடலைத் தேயுங்கள், டென்ஷன் பறந்துவிடும் என்கிறார்கள். இதே நரம்பை, இதே டென்ஷனைக் காரணம் காட்டி மருத்துவர்கள் வெட்டிப் போட்ட காலம் ஒன்று இருந்தது. அதுவும் நம் தாத்தா பாட்டி காலம்தான்.

மூளையின் அடிப்பகுதியில் புறப்பட்டு, கழுத்தின் இருபுறமும் இறங்கி, குரல்வளை, இதயம், நுரையீரல், இரைப்பை, குடல் என்று கிளைவிட்டுப் போகிற நரம்பு இது. கவலை அதிகமானால் இதன் வழியே இரைப்பைக்கு உத்தரவு போகிறது, அமிலம் பெருகிப் புண்ணாகிறது என்று ஒரு கருத்து வலுவாக இருந்தது. 1943இல் சிகாகோவில் லெஸ்டர் டிராக்ஸ்டெட் என்ற அறுவை மருத்துவர் அல்சர் நோயாளிக்கு வேகஸை வெட்டினார். அமிலம் குறைந்தது, புண் ஆறியது. அந்த முறை உலகம் முழுக்கப் பரவியது.

தென்னிந்தியாவில் அன்று அல்சர் மிகுதி. எவரெஸ்ட் ஏறப் போன டி. ஹெச். சோமர்வெல், மலையை விட்டுவிட்டு, இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கும் நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் வந்து தங்கி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தவர்களுக்கு ஓயாமல் அறுவை சிகிச்சை செய்தார். 1930களில் அவர் காரணம் தேடியது மக்களின் சாப்பாட்டில். பின்னால் வந்த தலைமுறை நரம்பை வெட்டி, இரைப்பையைச் சிறுகுடலோடு இணைத்துத் தைத்து அனுப்பியது. நம் ஊர் அரசு மருத்துவமனைகளிலும் அது அன்றாட வேலையாக இருந்தது. மேல்வயிற்றில் நெடுந்தழும்போடு நடமாடும் பெரியவர்களில் சிலருக்கு அப்படி வந்த தழும்புதான் அது. 1970களில் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகள் வந்தன. 1980களில் ஆஸ்திரேலியாவில் மார்ஷல், வாரன் என்ற மருத்துவர்கள் அல்சருக்குக் காரணமான ஒரு பாக்டீரியாவைக் காட்டினார்கள். 2005இல் அவர்களுக்கு நோபல் கிடைத்தது. கவலையின் மேல் போட்ட பழியில் பெரும்பகுதி கிருமியுடையது என்று தெரிந்தபோது கத்தி கீழே இறங்கியது.

அன்று வெட்டியவர்கள் மூடர்கள் அல்லர். நிஜமான ஒரு துண்டு உண்மையை வைத்துக்கொண்டு மொத்த நோயையும் விளக்கிவிட்டார்கள். இன்று தூண்டச் சொல்பவர்களிடமும் அப்படி ஒரு துண்டு இருக்கிறது. அது எவ்வளவு பெரியது என்பதுதான் கேள்வி.

1845இல் வேபர் சகோதரர்கள் என்ற ஆய்வாளர்கள் வேகஸில் மின்சாரம் பாய்ச்சியபோது இதயம் மெதுவாகி நின்றது. ஓட்டோ லோவி என்ற விஞ்ஞானி 1921இல் ஒரு படி மேலே போனார். ஒரு தவளை இதயத்தின் வேகஸைத் தூண்டி, அந்த இதயத்தில் ஊறிய திரவத்தை இன்னொரு இதயத்தில் விட்டார், அதுவும் மெதுவானது. நரம்பு வேதிப்பொருள் மூலம் பேசுகிறது என்பதற்கு அன்று சான்று கிடைத்தது. வேகஸ் என்பது இதயத்துக்குக் கட்டிய கடிவாளம். அதை விட்டுவிட்டால் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நிமிடத்துக்கு நூறு முறை துடிக்கும்.

கடிவாளம் இழுபடுவதை உங்கள் மணிக்கட்டிலேயே பார்க்கலாம். நாடியில் விரலை வைத்து ஆழமாக மூச்சை இழுங்கள். துடிப்பு சற்றே விரையும். மெல்ல விடுங்கள், தளரும். வயது ஏற ஏற இந்த வித்தியாசம் மங்கும், இளையவர்களுக்கு நன்றாகத் தெரியும். கார்ல் லுட்விக் என்ற உடலியலாளர் 1847இலேயே இதைக் கருவியில் பதிவு செய்தார். வெளிமூச்சு நீண்டால் வேகஸின் பிடியும் நீள்கிறது. 2001இல் பெர்னார்டி என்ற இத்தாலிய மருத்துவரின் குழு, ஜெபமாலை சொல்பவர்களையும் மந்திரம் சொல்பவர்களையும் அளந்தது. இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறாக இறங்கியது. இரத்த அழுத்தத்தைச் சமன்செய்யும் அனிச்சையும் கூர்மையானது. சோதிக்கப்பட்டவர்கள் 23 பேர்தான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். திருமந்திரம் பிராணாயாமத்துக்குச் சொல்லும் கணக்கில் இழுக்கும் மூச்சு 16 மாத்திரை நேரம், விடும் மூச்சு 32. இடையில் 64 மாத்திரை அடக்கச் சொல்வது குரு பக்கத்தில் இருந்தால் மட்டும் செய்ய வேண்டிய காரியம். நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது, இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்க வேண்டும் என்பதை மட்டும்.

நம்மவர்களும் அளந்து பார்க்கப்பட்டிருக்கிறார்கள். 1935இல் பிரெஞ்சு இதய மருத்துவர் தெரேஸ் ப்ரோஸ் இதயமின்வரைவுக் கருவியோடு இந்தியா வந்து, கிருஷ்ணமாச்சாரியார் உள்ளிட்ட யோகிகளைப் பரிசோதித்தார். இதயம் ஏறத்தாழ நிற்கிறது என்ற பேச்சு கிளம்பியது. 1957இல் வெங்கர், பக்சி என்ற ஆய்வாளர்கள் அமெரிக்காவிலிருந்து வந்து, டெல்லியைச் சேர்ந்த ஆனந்த் என்ற ஆய்வாளருடன் சேர்ந்து மறுபடி அளந்தார்கள். 1961இல் வெளியான முடிவு: நாடி தொலைந்தது, ஸ்டெதஸ்கோப்பில் ஒலி இல்லை, ஆனால் வரைபடத்தில் இதயம் துடித்துக்கொண்டே இருந்தது. மூச்சை அடக்கி வயிற்றை இறுக்கி முக்கியதால் மார்புக்குத் திரும்பும் இரத்தம் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனாலும் அந்த முக்கலை அலட்சியம் செய்ய வேண்டாம். திடீரென்று இதயம் ஒரேயடியாக ஓடும் ஒருவகைக் கோளாறுக்கு அவசரப் பிரிவில் நோயாளியை முக்கச் சொல்வார்கள். முக்கி முடித்ததும் படுக்கவைத்துக் காலைத் தூக்கினால் 43 சதவீதம் பேருக்குத் துடிப்பு சீரானது என்று 2015இல் பிரிட்டன் ஆய்வு ஒன்று சொன்னது. வெறுமனே முக்கியவர்களில் 17 சதவீதம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முகத்தில் குளிர்ந்த நீர் பட்டால் இதயம் மெதுவாவது உண்மை. சிறிது நேரத்தில் பழையபடி ஆகிவிடும் என்பதும் உண்மை. காதுக்குள் குச்சி விடும்போது சிலருக்கு இருமல் வருவதும் வேகஸின் கிளையால்தான். அதற்காக மடலைத் தேய்த்தால் மனம் ஆறும் என்று ஆகிவிடாது. கொப்பளிப்பதும் முனகுவதும் தொண்டைத் தசைகளுக்கு வேலை கொடுக்கும். இதயத்துக்குப் போகும் இழைகள் வேறு. பாடுபவருக்கு மனம் லேசாவதில் பெரும்பங்கு அந்த நீண்ட வெளிமூச்சுக்கே என்பது என் கணிப்பு.

இன்னொன்று: வேகஸ் இழைகளில் சுமார் 80 சதவீதம் உடம்பிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகிறவை. கடன், இரவு ஷிஃப்ட், தூக்கமின்மை எல்லாம் அப்படியே இருக்க, ஒரு பொத்தானைத் தட்டி மேலே அமைதியை வரவழைத்துவிடலாம் என்பது வியாபாரப் பேச்சு. கழுத்தில் அறுவை சிகிச்சை செய்து பொருத்தும் வேகஸ் தூண்டியை அமெரிக்கா 1997இல் வலிப்புக்கும் 2005இல் மருந்துக்கு அடங்காத மனச்சோர்வுக்கும் அனுமதித்தது. காதில் மாட்டும் கருவியை விற்பவர்கள் அந்தப் பெயரைத்தான் கடன் வாங்குகிறார்கள்.

வாங்குமுன் எந்த நோய்க்கு, எத்தனை பேரிடம் சோதித்தது என்று கேளுங்கள். ஐந்து எண்ணும்வரை மூச்சை இழுத்து, அதைவிடச் சற்றுக் கூடுதலாக விடுவதற்குக் காசு கேட்பவரிடம் போக வேண்டாம். அடிக்கடி மயங்கி விழுபவர்களும் இதயக் கோளாறு உள்ளவர்களும் ஐஸ் தண்ணீரையும் முக்கலையும் தாமாகவே முயல வேண்டாம். முதலில் மருத்துவரிடம் கேளுங்கள்.