காற்று எல்லாருக்கும் பொதுவா?

காற்றுக்குச் சாதி கிடையாது, மழைக்குச் சாதி கிடையாது என்று மேடை போட்டுப் பேசுகிறவர்கள் நம்மூரில் ஏராளம். கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டத்துக்குள் அவர்களைக் கொஞ்சம் கூட்டிவர வேண்டும். தோட்டத்துப் பட்டா யார் பெயரில் இருக்கிறது, மருந்தடிக்கிற குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பது யார் என்று கேட்டாலே போதும். காற்றின் சாதி தெரிந்துவிடும்.

சுருளிப்பட்டி, கூடலூர் பக்கம் திராட்சை பந்தலில் படர்கிறது. இலையும் குலையும் தலைக்கு மேலே. அடிக்கிற ஆள் கீழே நின்று மேல்நோக்கி அடிக்க வேண்டும். இலையில் ஒட்டாதது அவன் முகத்திலேயே சொட்டும். இதுக்குப் பேரு மருந்தாம். செடிக்கு மருந்து, பூச்சிக்கு விஷம், நம்ம சனத்துக்கு என்ன?

வானிலையும் இதில் கூட்டுச் சேருகிறது. மேற்கே ஏலமலை, கிழக்கே மேகமலை, நடுவில் பள்ளம். பனிக்கால இரவில் மலைச்சரிவின் குளிர்ந்த காற்று இறங்கிவந்து பள்ளத்தில் தேங்குகிறது. அதற்கு மேல் வெதுவெதுப்பான காற்று மூடி போட்டதுபோல் நிற்கிறது. வெள்ளன அடிக்கிற மருந்துத் துளி மேலே போய்க் கலையாமல் பந்தலுக்கடியிலேயே மிதக்கிறது. பனியும் சாரலும் இருந்தால்தான் கொடியில் அடிச்சாம்பல் நோய் பரவும். நோய் பரவினால் மருந்தடிக்கிற தடவையும் கூடும். ஆக, காற்று அசையாத காலத்தில்தான் விஷமும் அதிகம்.

வெயில் ஏறினால் வேறு கூத்து. சில மருந்துகள் ஆவியாகி மூச்சில் ஏறும். வியர்த்து நனைந்த தோல் விஷத்தைக் கூடுதலாக உறிஞ்சும். ஆடிக் காற்று வீசினாலோ, பக்கத்துக் காட்டில் களையெடுக்கிற பெண்கள்மேல் போய் விழும். காலனி வீட்டுக் கொடியில் காயும் துணியிலும் படியும். "கெறக்கமா இருக்கு" என்று ஒருத்தன் உட்கார்ந்தால், "ராத்திரி தண்ணியப் போட்டியா?" என்று கேட்கிறார்கள். விஷம் அவர்களுடையது, குற்றம் நம்முடையதாம்!

போபாலில் 1984 டிசம்பர் 2 இரவு கசிந்ததும் செவின் என்கிற பூச்சிமருந்து தயாரிக்க வைத்திருந்த வாயுதான். குளிர்ந்த இரவில் அது மேலே போய்க் கலையவில்லை. தரையோடு ஊர்ந்து, ஆலையை ஒட்டிய குடிசைகளுக்குள் புகுந்தது. 2017இல் மகாராட்டிரத்தின் யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்ததில் இருபது பேருக்கு மேல் செத்தார்கள். செடி ஆள் உயரத்துக்கு வளர்ந்து நின்றது. அடித்தது முகத்துக்கே வந்தது. நமக்கோ பந்தலே தலைக்கு மேல் இருக்கிறது.

சட்டம் இல்லையா? இருக்கிறது. மருந்தடிக்கிறவருக்குப் பாதுகாப்பு உடுப்பு, மூச்சுக்கவசம், அவ்வப்போது மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்கின்றன 1971ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகள். ஐம்பது வருஷம் தாண்டிவிட்டது. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பழத்துக்குப் பெருமை, சரி. பழத்தைக் காப்பாற்றியவன் ரத்தத்தை யார் சோதிப்பது?

"உடுப்புக் கொடுத்தாலும் போடமாட்டேங்கிறாங்க" என்கிறார்கள் தோட்டக்காரர்கள். சித்திரை வெயிலில் அந்த உடுப்போடு ஒரு மணி நேரம் பந்தலுக்கடியில் நின்று பாருங்கள், ஐயா! பனி கலைந்த பிறகு, வெயில் உறைப்பதற்கு முன்பு, காற்று லேசாக வீசும் அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் உடுப்பு மாட்டி அடிக்க முடியும். அந்தக் கொஞ்ச நேரத்துக்கு முழுநாள் கூலியைக் கொடுங்கள். காற்று சரியில்லை, இன்றைக்கு அடிக்க முடியாது என்று சொன்னவனை மறுநாள் வேலையைவிட்டு நிறுத்தாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருந்தடிப்பவர்களுக்கு ரத்தப் பரிசோதனையை அரசு நடத்தட்டும்.

பனியையும் வெயிலையும் நம்மால் மாற்ற முடியாது. எந்த நேரத்தில், எந்தக் காற்றில், என்ன கூலிக்கு அடிப்பது என்பதை மாற்ற முடியும். அதை யாரிடமும் கெஞ்சிக் கேட்க வேண்டியதில்லை. குழாய் நம்ம கையிலதான் இருக்கு. எல்லாரும் சேர்ந்து ஒருநாள் கீழே வைத்தால் தெரியும்.