தீர்மானப் புத்தகத்துக்குப் பதில் எழுதுவது யார்?

ஒரு தொடக்கப் பள்ளியின் பரிபாலனம் எவ்வாறு நடைபெறுகிறது என்பதை அறிய விரும்புகிறவர், கல்வித் துறையின் ஆண்டறிக்கையைப் புரட்டுவதைக் காட்டிலும், அப்பள்ளித் தலைமையாசிரியரின் மேசைமேல் அடுக்கி வைத்திருக்கும் பதிவேடுகளை ஒரு மணி நேரம் பார்வையிடுவதே அதிகப் பிரயோஜனமுடையது என்பது என் அபிப்பிராயம். வருகைப் பதிவேடு, சேர்க்கைப் பதிவேடு, மாற்றுச் சான்றிதழ்க் கட்டு, மதிய உணவுக் கணக்கு, அரிசி இருப்புப் புத்தகம், ரொக்கப் புத்தகம், தளவாடப் பதிவேடு என்று அவை உயர்ந்துகொண்டே போகும். அவற்றுக்கிடையே மெல்லியதொரு நோட்டுப் புத்தகமும் இருக்கும். அதுதான் பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானப் புத்தகம். மற்றப் பதிவேடுகளையெல்லாம் தணிக்கை செய்யவும், பிழை காணவும், விளக்கம் கேட்கவும் மேலிடத்தில் ஓர் அதிகாரி உண்டு. இந்த ஒன்றை மட்டும் பெரும்பாலும் யாரும் படிப்பதில்லை, படித்தாலும் பதில் எழுதுவதில்லை.

அந்தமான் நிக்கோபார் தீவுகளின் தலைநகரான போர்ட் பிளேரில், 2024 செப்டம்பர் முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று அழைக்கப்படும் அந்நகரில், மரைன் ஹில் குன்றின்மீது நின்று பார்ப்பவருக்கு வடக்கு விரிகுடாவும் பழைய ராஸ் தீவும் கண்ணுக்கு எதிரே விரியும். இக்காட்சிக்காகவே சார்லஸ் கொரியா என்னும் கட்டடக் கலைஞர் இங்கே ஒரு விடுதியைச் சரிவோடு சரிவாக அமைத்தார். அதைப் பற்றிக் கட்டடக் கலை நூல்களில் நிறையவே எழுதியிருக்கிறார்கள். குன்றின் பிள்ளைகள் படிக்கும் அரசுப் பள்ளிகளைப் பற்றி எழுத யாருக்கும் தோன்றியதாகத் தெரியவில்லை. துறைமுகத்திலும் கப்பல் பட்டறையிலும் அபர்தீன் கடைத்தெருவிலும் வேலை செய்யும் பெற்றோரின் பிள்ளைகள் அவர்கள். வீட்டில் வங்காளமும் தமிழும் தெலுங்கும் பேசி, தெருவில் இந்தி பேசி வளர்கிறவர்கள்.

இத்தீவுகளின் அரசியல் அமைப்பில் ஒரு விசேஷம் உண்டு. இது சட்டமன்றம் இல்லாத யூனியன் பிரதேசம். ஆகையால் கல்வி அமைச்சர் என்று ஒருவர் இங்கே இல்லை. துணைநிலை ஆளுநர், தலைமைச் செயலாளர், கல்விச் செயலாளர், கல்வி இயக்குநர் என்ற உத்தியோக வரிசைதான் உண்டு. தமிழ்நாட்டில் பள்ளிக்கூடச் சுவர் இடிந்தால் சட்டமன்ற உறுப்பினர் வீட்டு வாசலில் போய் நிற்கலாம். இங்கே நிற்பதற்கு அப்படியொரு வாசல் இல்லை. நகராட்சியில் வார்டு உறுப்பினர் ஒருவர், டெல்லியில் மக்களவை உறுப்பினர் ஒருவர். இவ்விருவருக்கும் இடையே, பள்ளி விஷயத்தில் சாதாரணப் பிரஜைக்குச் சட்டப்படி இடம் தந்திருக்கும் சபை, மாதந்தோறும் கூட வேண்டிய அந்தப் பள்ளி மேலாண்மைக் குழு ஒன்றே. எனவேதான், வேறெங்கும் இரண்டாம் பட்சமாகக் கருதத்தக்க அந்தக் குழு, இத்தீவுகளில் முதன்மையான கவனத்துக்கு உரியதாகிறது.

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு இக்குழுவைப் படைத்தது. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர் அல்லது பாதுகாவலராயும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாயும் இருக்க வேண்டும். சட்டமன்றம் இல்லாத யூனியன் பிரதேசங்களுக்கு மத்திய அரசின் 2010ஆம் ஆண்டு விதிகளே பொருந்தும். அவ்விதிகளின்படி தலைவரும் துணைத் தலைவரும் பெற்றோரிலிருந்தே தேர்ந்தெடுக்கப்படுவர்; தலைமையாசிரியர் கூட்டுநர்; குழு மாதம் ஒரு முறையேனும் கூட வேண்டும்; நடவடிக்கைக் குறிப்புகளைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். இவ்வளவு நேர்த்தியாக ஆக்கப்பட்ட இச்சபைக்குச் சட்டம் அளித்த அதிகாரம் யாது என்று பார்த்தால், கண்காணித்தல், திட்டம் தயாரித்தல், பரிந்துரைத்தல் என்ற மூன்றோடு நின்றுவிடுகிறது. பரிந்துரையைப் பெற்றவர் எப்பொழுது, எவ்வாறு பதில் தர வேண்டும் என்று சட்டமும் சொல்லவில்லை, விதியும் சொல்லவில்லை.

ஒரு கற்பித உதாரணத்தால் இதை விளக்கலாம். ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பொழிகிற, உப்புக்காற்று ஓயாது வீசுகிற இவ்வூரில், தகரக் கூரை துருப்பிடித்து ஒழுகுவது ஆச்சரியமன்று. ஒழுகுகிறது என்று குழு தீர்மானம் நிறைவேற்றுகிறது. தலைமையாசிரியர் அதை மேலிடத்துக்கு அனுப்புகிறார். மேலிடம் மதிப்பீடு தயாரிக்குமாறு அந்தமான் பொதுப்பணித் துறைக்கு எழுதுகிறது அல்லது எழுதாமல் விடுகிறது. அடுத்த மாதக் கூட்டத்தில், கூரை என்னவாயிற்று என்று பிள்ளையின் தாயார் கேட்டால், "அனுப்பியிருக்கிறோம், அம்மா" என்பதற்குமேல் தலைமையாசிரியரால் சொல்லக்கூடியது எதுவும் இல்லை. அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கும் பதில் வரவில்லை. மூன்றாம் மாதம் அந்தத் தாயார் வருவதில்லை. துறைமுக வேலையிலோ கடை வேலையிலோ இருக்கிற ஒருத்தி, பகல் பதினோரு மணிக்கு அழைக்கப்படும் கூட்டத்துக்காக அரைநாள் கூலியை விட்டுக்கொடுத்து வந்து கையெழுத்து மட்டும் போட்டுவிட்டுப் போவதை எத்தனை மாதம் செய்வாள்? பெற்றோருக்கு அக்கறையில்லை என்று அதன்பின் அறிக்கைகளில் எழுதுவது, எனக்கு நியாயமாகப் படவில்லை.

தலைமையாசிரியரையும் இங்கே குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, தொடக்கப் பள்ளியில் 150 பிள்ளைகளுக்குமேல் சேர்ந்தால்தான் தனியே தலைமையாசிரியர் வேண்டும் என்கிறது. 60 பிள்ளைகள் வரை இரண்டே ஆசிரியர்கள். எழுத்தர் என்ற சொல்லே அந்த அட்டவணையில் இல்லை. ஆகவே சிறிய பள்ளியில், பி.எஸ்.டி. என்று இத்தீவுகளில் அழைக்கப்படும் தொடக்கப் பள்ளி ஆசிரியர் ஒருவரே 'இன்சார்ஜ்' ஆகி, ஒரு கையால் இரண்டு வகுப்புகளை நடத்திக்கொண்டு, மறு கையால் அந்தப் பதிவேடுகள் அனைத்தையும் நிரப்புகிறார். செப்டம்பர் 30ஆம் தேதி நிலவரப்படி பள்ளியின் புள்ளிவிவரம் முழுவதையும் கணினியில் ஏற்ற வேண்டும். இன்று எத்தனை பிள்ளைகள் உண்டார்கள் என்பதை இன்றே தெரிவிக்க வேண்டும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவை தவிர வேறு பணிக்கு ஆசிரியரை அனுப்பலாகாது என்று 27ஆம் பிரிவு தடுக்கிறது; ஆனால் பள்ளிக்குள்ளேயே உட்கார வைத்து எழுத்தர் வேலை வாங்குவதை அது தடுக்கவில்லை.

ஆசிரியர்மேல் எழுத்து வேலையை ஏற்றுவது இத்தீவுகளில் புதிதுமன்று. கார் நிக்கோபாரில் மூஸ் என்னும் கிராமத்தில், 19ஆம் நூற்றாண்டின் இறுதியாண்டுகளில் பள்ளி நடத்திய வேதப்பன் சாலமோன் என்னும் கிறிஸ்தவ உபதேசியார், உபாத்தியாயராக மட்டும் இருக்கவில்லை. அரசாங்கத்தின் ஏஜெண்டாகவும் இருந்து, தீவில் நடப்பனவற்றையெல்லாம் நாட்குறிப்பில் எழுதிப் போர்ட் பிளேருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். அவருடைய மாணாக்கரான ஜான் ரிச்சர்ட்சன் பின்னாளில் நிக்கோபாரின் ஆயராகி, விவிலியத்தைத் தம் தாய்மொழியில் பெயர்த்து, முதல் மக்களவைக்கு நியமன உறுப்பினராகவும் சென்றார். சாலமோனின் பள்ளி சிறந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் அசாதாரணமான ஒரு மனிதர் சுமந்த சுமையைச் சாதாரணமான ஆயிரம் பேர்மேல் விதியாக ஏற்றிவைத்தால், அவர்கள் சுமப்பது போலக் காட்டுவார்களே ஒழியச் சுமக்க மாட்டார்கள்.

பணத்தின் விஷயமும் இப்படியே. சமக்ர சிக்ஷா திட்டத்தின்கீழ், 30 பிள்ளைகள் வரையுள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய், 100 வரை 25,000, 250 வரை 50,000 என்று கூட்டு மானியம் வகுக்கப்பட்டிருக்கிறது. அதில் பத்தில் ஒரு பங்கேனும் தூய்மைப் பணிக்குச் செலவாக வேண்டும். சுண்ணாம்புக்கட்டியிலிருந்து மின் கட்டணம் வரை இதிலேதான் அடங்க வேண்டும். செலவைக் கண்காணிக்கும் பொறுப்பு குழுவுடையது. மானியம் எப்பொழுது வரும் என்பதைக் குழுவுக்கு முன்கூட்டிச் சொல்லும் பொறுப்பு மட்டும் யார்மீதும் வைக்கப்படவில்லை. நிதியாண்டின் இறுதியில் வந்துசேரும் பணத்தை மார்ச்சு 31க்குள் செலவழிக்க வேண்டிய அவசரத்தில், எது தேவை என்று ஆலோசிப்பது ஒரு சம்பிரதாயமாகிவிடும்.

சட்டத்துக்கு மனமிருந்தால் அன்றாட அதிகாரத்தையும் அது கொடுக்கவல்லது என்பதற்கு மதிய உணவே பிரத்தியட்சச் சான்று. கப்பலில் வந்திறங்கும் அரிசியை நம்பி வாழும் தீவில் இது அற்பமான காரியமன்று. 2015ஆம் ஆண்டு மதிய உணவு விதிகள், தானியமோ சமையல் செலவுப் பணமோ தற்காலிகமாக வராமற்போனால், பள்ளியில் உள்ள வேறு நிதியை எடுத்து உணவைத் தொடரும் அதிகாரத்தைத் தலைமையாசிரியருக்கே கொடுத்தன. தொடர்ந்து மூன்று பள்ளி நாட்களோ, மாதத்தில் ஐந்து நாட்களோ உணவு தவறினால் பொறுப்பாளி யார் என்று நிர்ணயிக்க வேண்டும் என்றும் விதித்தன. அங்கே கெடு உண்டு, பொறுப்பு உண்டு. கூரைக்கும் கழிப்பறைக்கும் காலியாயுள்ள தமிழாசிரியர் பணியிடத்துக்கும் அவ்வாறு எதுவும் இல்லை.

தமிழ்நாட்டின் அனுபவத்தை இங்கே நினைவுகூர்வது தகும். 1958இல் கடம்பத்தூரில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள், அப்போதைய கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு அவர்களின் முயற்சியாலும் முதலமைச்சர் காமராசரின் ஆதரவாலும் ஊர் ஊராகப் பரவி, மக்கள் மணியும் பலகையும் மேசையும் நிலமும் கொண்டுவந்து பள்ளிக்குக் கொடுக்கும் உற்சாகத்தை உண்டாக்கின. அது ஒரு பெரிய காரியம். ஆயினும் கொடுப்பதற்கு மக்களை அழைத்த அந்த இயக்கம், கேட்பதற்கு அவர்களுக்கு ஒரு நிரந்தரமான இடத்தை அமைத்துத் தரவில்லை. ஊராட்சி ஒன்றியங்களின்கீழ் இருந்த ஆசிரியர்கள் 1981 ஜூன் முதல் அரசு ஊழியராயினர்; ஒன்றியத் தலைவரின் கோபதாபங்களிலிருந்து ஆசிரியருக்கு விடுதலை கிடைத்தது நல்லதே, அதைத் திரும்பப் பெற வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நாளோடு, ஊருக்கும் பள்ளிக்கும் இடையே இருந்த நிர்வாகத் தொடர்பும் அறுந்தது. 2022இல் அரசுப் பள்ளிகளிலெல்லாம் இருபது பேர் கொண்ட குழுக்களைப் புதிதாக அமைத்து, 'நம் பள்ளி நம் பெருமை' என்று அரசே பெற்றோரை அழைத்ததற்கு அந்த வெறுமைதான் காரணம் என்று கருதுகிறேன்.

என் யோசனை ஒன்றே ஒன்று. குழுவின் ஒவ்வொரு தீர்மானத்துக்கும், அது சென்று சேர்ந்த அலுவலகம் 30 நாட்களுக்குள் எழுத்து மூலம் பதில் தர வேண்டும். முடியும் என்றால் எப்பொழுது, முடியாது என்றால் ஏன். அப்பதிலை அதே தீர்மானப் புத்தகத்தில், தீர்மானத்துக்கு எதிர்ப்பக்கத்தில் ஒட்டிவைக்க வேண்டும். இதற்குச் சட்டத் திருத்தமும் வேண்டியதில்லை. நிர்வாகத்தின் ஓர் ஆணை போதும்.

வேலை பெருகும் என்று ஆட்சேபிப்பார்கள். 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின்படி, தீவில் வாழும் குடிமக்கள் எவரும் 10 ரூபாய் கட்டி விண்ணப்பித்தால் 30 நாட்களுக்குள் பதில் பெறலாம். தனி மனிதன் ஒருவனுக்கு ஏற்கெனவே உள்ள அந்தச் சலுகை, நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தால் உருவான, பெற்றோரே பெரும்பான்மையாக உள்ள ஒரு சபைக்கு இல்லை என்பது விந்தையல்லவா? அதிலும் தகவல் கேட்பவனுக்குக் கோப்பில் உள்ளதுதான் கிடைக்கும். கோப்பே திறக்கப்படாவிட்டால் கிடைப்பதற்கு ஒன்றுமில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 32ஆம் பிரிவு குறைதீர்ப்புக்கு மூன்று மாதக் கெடு வைத்திருக்கிறதே என்று சட்டம் அறிந்தவர் கேட்கக்கூடும். அது குற்றச்சாட்டுக்கான வழி. கூரையை மாற்றுங்கள் என்று கேட்பவர் யார்மீதும் வழக்குத் தொடுக்க விரும்புகிறவர் அல்லர். பிள்ளை நனையாமல் இருந்தால் போதும் என்று நினைக்கிறவர்.

பதில் எந்த மொழியில் என்பதும் சிறு விஷயமன்று. 2011 கணக்கெடுப்பில் இத்தீவுகளின் 3,80,581 மக்களில் 100க்கு 15 பேர் தமிழைத் தாய்மொழியாகக் கூறினர், வங்காளம் பேசுவோர் அதனினும் அதிகம், தெலுங்கரும் கணிசமானோர். இத்தனை மொழிகளில் பாடம் நடத்த ஆசிரியர்களைத் தேர்ந்தெடுக்கிற நிர்வாகத்துக்கு, அவ்வாசிரியர்களிடம் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு பக்கக் கடிதத்தை அவர்கள் மொழியில் எழுத ஆள் கிடைக்காது என்று நான் நம்பவில்லை. கூட்டத்தை மாலை ஆறு மணிக்கு மேலோ ஞாயிற்றுக்கிழமையோ வைப்பதற்கும் யாருடைய அனுமதியும் தேவையில்லை என்றே நினைக்கிறேன்.

பள்ளி வளர்ச்சித் திட்டத்தை நிதியாண்டு முடிவதற்கு மூன்று மாதம் முன்னதாகவே குழு தயாரித்துவிட வேண்டும் என்பது விதி. அதாவது டிசம்பர் 31க்குள். குன்றின் பெற்றோர் அந்தத் தேதிக்குள் தங்கள் திட்டத்தை எழுதி, ஒவ்வோர் இனத்துக்கும் எதிரே பதிலுக்கென ஒரு கட்டத்தைக் காலியாக விட்டு, கல்வி இயக்ககத்துக்கு நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையுடன் ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளட்டும். இயக்ககத்தின் ஆணை வரும்வரை அவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை.