நகை மரபு: யார் அணியலாம் என்று எழுதியவர் யார்?

கொங்கு மண்ணின் நகைப் பெருமையைப் பேசுகிறவர்கள் கொடுமணலில் இருந்து தொடங்குவார்கள். தொடங்கட்டும், அது உண்மையிலேயே பெருமைதான். எங்கள் குண்டடத்திலிருந்து வடக்கே காங்கேயத்தைத் தாண்டினால் படியூர் வரும். பெரில் என்னும் பச்சைநிற மணிக்கல் கிடைத்த ஊர் அது. இன்னும் வடக்கே, நொய்யல் கரையில் கொடுமணல். பெரில், சூதுபவளம், பளிங்கு ஆகியவற்றை அறுத்து, தீட்டி, துளையிட்டு மணியாக்கிய பட்டறைகளின் தடயங்கள் 1980களில் தொடங்கிய அகழாய்வுகளில் அங்கே வெளிப்பட்டன. கரூரை அடுத்த புகளூர்க் கல்வெட்டிலோ கருவூர்ப் பொன்வணிகன் ஒருவனின் பெயர் இருக்கிறது.

ஆனால் இந்த மரபைக் கண்காட்சிகளும் நகைக்கடை விளம்பரங்களும் வடிவங்களின் பட்டியலாக மட்டுமே காட்டுகின்றன. அட்டிகை, காசுமாலை, மாங்காய் மாலை, ஒட்டியாணம், வங்கி என்று அது நீள்கிறது. இவற்றைச் செய்தவர்கள் எப்படி நடத்தப்பட்டார்கள், அணிய யாருக்கு அனுமதி இருந்தது என்ற கேள்விகளுக்கு அதில் இடமில்லை.

முதலில் செய்தவர்களைப் பார்ப்போம். கொற்றொழிலும் பொன்வேலையும் செய்த கம்மாளர்களுக்கு மன்னன் வழங்கிய உரிமைகளைக் கரூர்க் கல்வெட்டு ஒன்று சொல்கிறது. வீட்டு நன்மை தீமைகளில் இரட்டைச் சங்கு ஊதலாம். வெளியே போகும்போது செருப்பு அணியலாம். வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசலாம். இதற்கெல்லாம் அரசாணை தேவைப்பட்டது என்றால், அதற்கு முன் தடை இருந்தது என்றுதானே பொருள்? கைவேலை போற்றப்பட்டது, கைக்குரியவர் காலில் செருப்புக்கு உத்தரவு வாங்க வேண்டியிருந்தது.

அணிகிறவர்கள் கதை இன்னும் கொடியது. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர் மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். பொன், வெள்ளி நகை அணியக் கூடாது என்பதே அவற்றில் முதலாவது. இந்தூர்ப் பகுதியில் பலாய் சாதிப் பெண்களுக்கு 1928இல் இதே தடை விதிக்கப்பட்டதை அம்பேத்கர் 'சாதி ஒழிப்பு' நூலில் பதிவு செய்திருக்கிறார். ஊர்கள் வேறு, மொழி வேறு. சட்டம் ஒன்றுதான்.

தடை மட்டுமல்ல, கட்டாயமும் இருந்தது. கேரளத்தில் புலையர் பெண்கள் கல்லுமாலைதான் அணிய வேண்டும் என்றிருந்தது. அய்யன்காளியின் அழைப்பை ஏற்று 1915இல் கொல்லத்தில் அந்தப் பெண்கள் அதை அறுத்தெறிந்தார்கள். 1927 டிசம்பரில் மகாடில் கூடிய பெண்களிடம், தீண்டாமையின் அடையாளமாகிவிட்ட கனத்த நகைகளைக் கைவிடுங்கள் என்றார் அம்பேத்கர். ஒரு மணிமாலையைப் பார்த்தே சாதியைச் சொல்லிவிட முடிந்த சமூகத்தில், அதைக் கழற்றுவது அரசியல்.

"அதெல்லாம் பழங்கதை, இப்போது யார் தடுக்கிறார்கள்?" என்று கேட்பார்கள். கடைக்குப் போய்த் தாலி கேட்டுப் பாருங்கள். எந்தச் சமூகத்துத் தாலி என்று கேட்டுவிட்டுத்தான் தட்டை எடுத்து வைப்பார்கள். சாதி மறுத்து மணந்துகொண்ட என் நண்பர்கள் அந்தக் கேள்விக்கு முன் விழித்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். அவ்வடிவங்களை நாம் 'பாரம்பரிய வேலைப்பாடு' என்று ரசிக்கிறோம், அகமணத்தின் முத்திரை என்று வாசிப்பதில்லை.

அணிய உரிமை கிடைத்த பின்னும் தங்கம் நம்மை விட்டுவிடவில்லை. நம் பகுதி நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் நடந்தது என்ன? மூன்றாண்டு வேலை செய்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை என்று சொல்லி இளம்பெண்களை விடுதிக்குள் அடைத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் தலித், வறிய குடும்பங்களின் பிள்ளைகள். அன்று நகை அணியாதே என்றது சாதி. இன்று நகையில்லாமல் கல்யாணமில்லை என்று சொல்லி அதே வீட்டுப் பெண்ணின் உழைப்பை உறிஞ்சுகிறது மூலதனம்.

மாற்றுவழி இல்லாமல் இல்லை. 1967இல் அண்ணா ஆட்சியில் நிறைவேறிய சுயமரியாதைத் திருமணச் சட்டத்தின்படி, மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டாலே போதும், தாலி கட்டாயமில்லை. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரிலான திருமண உதவித் திட்டத்தில் 2011 முதல் தாலிக்கு 4 கிராமும், 2016 முதல் 8 கிராமும் தங்கம் தந்த அரசு, 2022இல் அதைக் கல்லூரி மாணவியருக்கு மாதம் 1000 ரூபாய் தரும் திட்டமாக மாற்றியது. தாலித் தங்கம் படிப்புக் காசாக மாறியது சிறிய காரியமல்ல.

கொடுமணல் மணிகளை அருங்காட்சியகத்தில் வையுங்கள். பக்கத்திலேயே கரூர்க் கல்வெட்டின் செய்தியையும், இராமநாதபுரத்து எட்டுத் தடைகளையும், கொல்லத்தில் அறுந்து விழுந்த கல்லுமாலையின் வரலாற்றையும் எழுதி வையுங்கள். ஆலைப் பெண்களுக்குக் கூலியைக் கல்யாணத் தொகையாக அல்ல, மாதச் சம்பளமாக முழுதாகக் கொடுங்கள். நகையை அணிவதும் மறுப்பதும் அவர்கள் விருப்பமாக இருக்கட்டும். அதற்குப் பிறகு மரபின் அழகைப் பற்றிச் சேர்ந்து பேசலாம்.