நினைவக அளவும் எண் வழிதலும்

கணிப்பொறி கையாளும் எண்ணுக்கு எல்லை உண்டு. 32 பிட் கொண்ட குறியற்ற எண் 4,294,967,295 வரையே செல்லும். மேலும் ஒன்றைக் கூட்டினால் பூஜ்யமாகிவிடும்.

இதனை மறந்து நினைவகத்தை ஒதுக்குவது அபாயகரமானது. 65,536 பைட் அளவுள்ள 65,537 உருப்படிகளுக்கு இடம் கோரப்படுவதாகக் கொள்க. பெருக்குத்தொகை எல்லையைத் தாண்டிச் சுழன்று 65,536 என நிற்கும். ஓர் உருப்படிக்குரிய இடமே கிடைக்கும். எஞ்சியவை பிற தரவுகளின் மேல் எழுதப்படும். 2002ஆம் ஆண்டில் ஓப்பன்எஸ்எஸ்எச் புரோகிராமில் இத்தகையதொரு பெருக்கலே அன்னியர் நுழைவதற்கு வழி திறந்தது.

பெருக்கிய பின் சோதிப்பதால் பயனில்லை. வெள்ளம் வருமுன் அணை கோல வேண்டும். உச்ச எண்ணை உருப்படியின் அளவால் வகுத்து, கோரிய எண்ணிக்கை அந்த ஈவை மிஞ்சாதபோது மட்டுமே பெருக்குதல் வேண்டும். அவ்வாறே, தொடக்க இடத்தையும் நீளத்தையும் கூட்டி எல்லையோடு ஒப்பிடலாகாது. தொடக்கம் எல்லைக்குள் உள்ளதென உறுதி செய்துகொண்டு, எல்லையிலிருந்து அதனைக் கழித்து, மிச்சத்தோடு நீளத்தை ஒப்பிடுவதே முறை.

இச்சோதனையைத் தனி மனிதரின் ஞாபகத்துக்கு விட்டுவிடுவது தகாது. 2014இல் ஓப்பன்பிஎஸ்டி அமைப்பில் செய்யப்பட்டதுபோல, இடம் ஒதுக்கும் செயற்கூற்றினுள்ளேயே அதனைப் பதித்தல் உசிதம். ஒரு வகுத்தலுக்கு ஆகும் நேரம் அற்பமே. அதனை மிச்சம் பிடிப்பது சிக்கனமாகாது.