சீட்டு இல்லாமல் முகத்தைத் தொடாதே!

தை பிறந்துவிட்டால் புதுக்கோட்டை கீழராஜ வீதியில் நடக்க இடம் இருக்காது. ஜவுளிக் கடையில் கூட்டம். நகைக் கடையில் கூட்டம். இந்த இரண்டுக்கும் போட்டியாக இப்போது இன்னொரு இடத்திலும் கூட்டம். அதுதான் அழகு நிலையம்!

முகூர்த்தத்துக்கு ஒரு மாசம் முன்னாலேயே கல்யாணப் பெண் போகிறாள். மாப்பிள்ளையும் போகிறார். போகட்டும். யார் வேண்டாம் என்றது? கல்யாணத்துக்கு முகத்தைத் துலக்கிக்கொள்வதில் தப்பே இல்லை.

ஆனால் கதை அங்கே நிற்கவில்லையே!

"ஏழே நாளில் கலர்!" "ஒரே ஊசியில் சுருக்கம் மாயம்!" செல்போனைத் திறந்தால் இந்தக் கூப்பாடுதான். கத்தி இல்லை, ரத்தம் இல்லை, ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டாம் என்கிறார்கள். கத்தி இல்லை என்றால் ஆபத்தும் இல்லை என்று நம் ஜனங்கள் நினைக்கிறார்கள். அங்கேதான் கோளாறு.

டியூப் வாங்கின கதை

எனக்குச் சொந்தக்காரப் பெண். ஆலங்குடிப் பக்கம். மாநிறம், நல்ல லட்சணம். போன வருஷம் கல்யாணத் தரகர் வீட்டுக்கு வந்தார். "பொண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. கலர்தான் கொஞ்சம் கம்மி" என்று ஒரு வார்த்தை சொன்னார். காப்பியைக் குடித்தார். போய்விட்டார்.

அந்த ஒரு வார்த்தை போதாதா? மறுநாளே பெண் ஒரு மருந்துக் கடைக்குப் போய் நின்றாள்.

"அண்ணே, முகம் கலரா ஆகுறதுக்கு நல்ல டியூபா ஒண்ணு குடுங்க."

"இதைப் போடும்மா. எல்லாரும் இதைத்தான் வாங்கிட்டுப் போறாங்க."

டாக்டர் சீட்டு எங்கே என்று கேட்கவில்லை. பில்லும் கொடுக்கவில்லை.

பத்து நாளில் முகம் பளபளத்தது. "என்னடி போடுறே?" என்று அக்கம்பக்கத்தில் கேட்டார்கள். அவர்களும் வாங்கினார்கள். நாலாவது மாசம் வெயிலில் போனாலே முகம் எரிந்தது. பயந்துபோய் டியூபை நிறுத்தினாள். அவ்வளவுதான்! முகம் ரத்தச் சிவப்பாகிப் பரு பொரிந்து தள்ளியது. கன்னத்தில் ரோமம் முளைத்தது. தோல் வெங்காயச் சருகு மாதிரி ஆனது. மறுபடி பூசினால் அடங்கும். நிறுத்தினால் கிளம்பும். குடிகாரன் கதைதான்!

கடைசியில் தோல் டாக்டரிடம் போனார்கள். டாக்டர் டியூபைத் திருப்பிப் பார்த்தார். "அம்மா, இது அழகு கிரீம் இல்லை. ஸ்டீராய்டு. கரப்பான் மாதிரி தோல் நோய்க்குக் கொஞ்ச நாளைக்கு மட்டும் நாங்க எழுதிக் கொடுக்கிற மருந்து" என்றார்.

ஆறு மாசம் வைத்தியம் நடந்தது. பெண் பார்க்கும் படலம் தள்ளிப்போனது. அந்தத் தரகர் மட்டும் வேறொரு வீட்டில் காப்பி குடித்துக்கொண்டிருக்கிறார்!

சட்டம் இருக்கிறது, சீட்டு எங்கே?

இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 2018 மார்ச்சில் மத்திய அரசு ஸ்டீராய்டு கலந்த 14 களிம்பு மருந்துகளை "ஷெட்யூல் எச்" பட்டியலில் கொண்டுவந்தது. டாக்டர் சீட்டு இல்லாமல் அவற்றை விற்கக் கூடாது. டியூபிலேயே அந்த எச்சரிக்கை அச்சடித்திருக்கும். பொடி எழுத்து, அதுவும் இங்கிலீஷில்! கறம்பக்குடியில் இருந்து பஸ் ஏறி வருகிற பெண் அதைப் படித்துவிட்டா வாங்கப் போகிறாள்?

ஆக, படிக்க வேண்டியவர் விற்கிறவர்தான். அவருக்குத் தெரியாதா என்ன!

தங்கம் வெளுத்தால் தப்பு!

ஸ்டீராய்டு முகத்தைக் கெடுக்கிறது. இன்னொன்று இருக்கிறது. அது முகத்தில் பூசினால் உள்ளே இருக்கிற கிட்னி வரைக்கும் போகும். அதன் பெயர் பாதரசம்.

நம் தோலுக்குக் கறுப்பு நிறம் கொடுப்பது மெலனின் என்கிற பொருள். வெயிலில் இருந்து நம்மைக் காப்பாற்றும் குடை அது. பாதரசம் அந்த மெலனின் ஊறுவதைத் தடுக்கிறது. அதனால்தான் முகம் வெளுக்கிறது. ஆனால் பூசின பாதரசம் தோல் வழியாக ரத்தத்தில் கலந்து கிட்னியில் போய்த் தங்குகிறது. கிட்னி ஓட்டைச் சல்லடை ஆகிறது. உடம்பில் நிற்க வேண்டிய புரதச் சத்து சிறுநீரில் ஒழுகுகிறது. காலும் முகமும் வீங்குகின்றன. கர்ப்பிணி பூசினால் வயிற்றில் இருக்கிற குழந்தைக்கும் ஆபத்து.

கட்டுக்கதை இல்லை. பக்கத்துக் கேரளத்தில் நடந்தது. மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல் ஆஸ்டர் மிம்ஸ் ஆஸ்பத்திரி டாக்டர்கள் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை கிட்னியில் ஒரே மாதிரிப் பாதிப்போடு வந்த 22 பேரை ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு இருந்தது அபூர்வமான ஒரு வகை. அந்த 15 பேரில் 13 பேர், நோய் வருவதற்கு முன்னால் கலர் கிரீம் பூசியதாக ஒப்புக்கொண்டார்கள். கிரீமை நிறுத்தியதும் பெரும்பாலோருக்குக் குணம் தெரிந்தது. சீக்கிரம் கண்டுபிடித்ததால் தப்பினார்கள்!

மலப்புறம் எங்கேயோ இருக்கிறது என்று நினைக்காதீர்கள். அங்கே மாதிரியே நம் மாவட்டத்திலும் வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில். அறந்தாங்கிப் பக்கம் போய்ப் பாருங்கள். சிங்கப்பூர், மலேசியா, துபாய் என்று பிள்ளைகள் போயிருக்கிறார்கள். லீவில் வரும்போது சென்ட், சோப்பு, தைலம் கொண்டு வருவார்கள். அதோடு ஒரு கிரீம் டப்பாவும் வந்தால்? அன்போடு வாங்கி வந்ததைச் சந்தேகப்பட யாருக்கு மனசு வரும்?

சந்தேகப்படத்தான் வேண்டும். அழகு கிரீமில் பாதரசம் கலப்பது நம் நாட்டில் தடை. தெரியாமல் கலந்துவிட்டாலும் பத்து லட்சம் பங்கில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. தயாரித்த கம்பெனியின் விலாசம், பேட்ச் நம்பர், காலாவதித் தேதி எல்லாம் டப்பாவில் இருக்க வேண்டும். வெளிநாட்டுச் சரக்கு என்றால் இறக்குமதிப் பதிவு எண்ணும் வேண்டும். இவை இல்லாத டப்பாவைக் குப்பையில்கூடப் போடாதீர்கள். இறுகக் கட்டி வையுங்கள், குழந்தைகள் கை படாமல்.

இன்னொரு அடையாளமும் உண்டு. சில டப்பாக்களில் "தங்கம், வெள்ளி நகை மேல் படாமல் பூசவும்" என்று போட்டிருக்கும். ஏன் என்று நம் ஊர் ஆசாரியைக் கேளுங்கள். ரசம் பட்டால் தங்கம் வெளுத்துப் போகும் என்பார். வளையலுக்கே ஆகாதது கன்னத்துக்கு ஆகுமா?

ஊசியும் ஜெல்லும்

பணம் உள்ளவர்கள் இப்போது ஊசிக்குப் போகிறார்கள். "போடாக்ஸ்" என்று பெயர். ஒரு கிருமியின் விஷத்தைத் துளியிலும் துளியாக எடுத்துச் செய்த மருந்து. மாறுகண்ணுக்கும் இமைத் துடிப்புக்கும் 1989-ல் அமெரிக்க அரசு இதை அனுமதித்தது. கண்ணுக்குப் போட்டவர்களின் நெற்றிச் சுருக்கம் மறைவதைக் கனடாவில் ஒரு கண் டாக்டரும் தோல் டாக்டரான அவர் கணவரும் கவனித்தார்கள். புருவ நடுச் சுருக்கத்துக்கு 2002-ல் அனுமதி கிடைத்தது. தசைக்கு வரும் நரம்புக் கட்டளையை இது தடுக்கிறது. தசை ஓய்வெடுக்கிறது. சுருக்கம் மறைகிறது. எத்தனை நாளைக்கு? மூன்று, நாலு மாசம். அப்புறம் மறுபடி ஊசி, மறுபடி பணம்!

ஒட்டிய கன்னத்தை நிரப்ப ஜெல் ஊசியும் இருக்கிறது. தவறி ரத்தக் குழாய்க்குள் போனால் அந்த இடத்துத் தோல் செத்துப்போகும். கண் பார்வையே போன சம்பவங்களும் உண்டு. அந்த நிமிஷமே ஜெல்லைக் கரைக்க மாற்று மருந்து போடத் தெரிந்த டாக்டர் பக்கத்தில் வேண்டும்.

படித்துத் தேர்ந்த டாக்டர் செய்தால் இவை எல்லாம் முறையான வைத்தியம்தான். அதைக் குறை சொல்லவில்லை. புருவம் திருத்துகிற இடத்தில், பத்து நாள் பயிற்சி எடுத்தவர் கையில் சிரிஞ்சு இருந்தால்தான் நம் கேள்வி. ஊசி போட வருகிறவரிடம் "நீங்க பதிவு பெற்ற டாக்டரா? நம்பர் என்ன?" என்று கேளுங்கள். கோபப்பட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

தரகர் கேட்கிற கேள்வி

கடைக்காரரையும் அழகு நிலையத்தையும் மட்டும் திட்டினால் போதுமா? போதாது. "பொண்ணு கலரா?" என்று முதலில் கேட்டது யார்? நாம்தான்!

முகத்தை வெளுப்பாக்கும் கிரீம் 1975-ல் நம் நாட்டுக் கடைக்கு வந்தது. ஃபேர் அண்ட் லவ்லி என்று பெயர். 2020-ல் அந்தக் கம்பெனியே "ஃபேர்" என்ற சொல்லை எடுத்துவிட்டு "குளோ" என்று மாற்றிக்கொண்டது. உலகம் கேட்ட கேள்விக்குக் கம்பெனி தலைகுனிந்தது. நம் வீட்டுத் திண்ணையில் மட்டும் பேச்சு மாறவில்லை. படிப்பு விசாரிப்பதற்கு முன்னால் நிறம் விசாரிக்கிறோம். மாப்பிள்ளை என்ன நிறம் என்று யாராவது கேட்கிறோமா?

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பிறந்த ஊர் இது. மகாராஜா கல்லூரியில் படித்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் 1912-ல் பட்டம் வாங்கியவர். அவரைப் பற்றிப் பெருமை பேசுகிற ஊரில், ஒரு பெண் தரகர் வாய்க்குப் பயந்து மருந்துக் கடை வாசலில் நிற்கலாமா?

மருந்துக் கடைக்காரர்களே, உங்கள் வீட்டிலும் பெண் இருக்கிறாள். சீட்டு இல்லாதவருக்கு அந்த டியூபை எடுத்து நீட்டாதீர்கள். உங்களுக்குக் கிடைக்கிற லாபம் சில ரூபாய்.

மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகளே, கல்யாண சீசனில் ஒரு தடவையாவது கடை கடையாக ஏறி இறங்குங்கள். பதிவு எண் இல்லாத டப்பாவைக் கண்டால் பறிமுதல் செய்யுங்கள்.

பெற்றோர்களே, பிள்ளைக்கு முகத்தில் பருவோ கருந்திட்டோ இருந்தால் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். 2017-ல் நம் ஊருக்கு வந்த கல்லூரி அது. தோல் டாக்டர் இருக்கிறார். காசு வேண்டாம். காலையில் போய் வரிசையில் நின்றால் போதும்.

அடுத்த தடவை தரகர் வந்து "கலர் கம்மி" என்று ஆரம்பித்தால், "அப்படியா? வாசல் அந்தப் பக்கம்" என்று கையைக் காட்டுங்கள்.

காப்பி மிச்சம். முகமும் மிச்சம்!